அலுமாரியின் நாலாவது கால்

மட்டக்களப்புக் கச்சேரியில் பயிற்சி முடித்து வந்த திங்கட்கிழமை
வெல்லாவெளியில் எங்கள் மேசைகளுக்கு எல்லை வந்தது.
மஞ்சள் நாடா ஒட்டி
ஸ்டேப்ளருக்கு ஒரு வீடு,
பசைக் குப்பிக்கு ஒரு வீடு.
தேநீர்க் கோப்பைக்கு வீடில்லை.

சுவரில் நோக்கக்கூற்று,
பக்கத்தில் பணிக்கூற்று,
இரண்டுக்கும் நடுவே ஒரு பல்லி,
எந்தக் கூற்றும் இல்லாமல்.

"வேண்டியது, வேண்டாதது. பிரியுங்க" என்றார்
உற்பத்தித்திறன் உத்தியோகத்தர் திவ்வியராசன்.
வேண்டாததில் சிவப்புச் சீட்டு.
கால் போன கதிரை,
உயிர் போன தட்டச்சுப்பொறி,
சுனாமிக்கு முந்திய நாட்காட்டி.
ஒரு சீட்டை யாரோ
பிரதம இலிகிதரின் முதுகில் ஒட்டிவிட்டார்கள்.
மாலைவரை அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்
பழைய இரும்பு அலுமாரியை நகர்த்தினோம்.
அதன் நாலாவது கால்
மற்ற மூன்றையும் விடக் கட்டை.
ஆட்டம் நிற்க அடியில் யாரோ
எட்டாய் மடித்து வைத்த ஒரு கோப்பு.
விரித்தேன்.
துரு வட்டமாய்ப் பதிந்திருந்தது
பெயரின் மேல்.

பாலிப்போடி. யானை உடைத்த வீடு. நட்டஈடு.

மாதத்தின் முதல் செவ்வாய் வருவார்.
சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு
சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டே
"புள்ள, பைல் இரிக்கா?" என்பார்.
"தேடுறம் ஐயா."
பொய்யில்லை. தேடினோம்.
தேடிக் களைத்தபோதெல்லாம்
அந்த அலுமாரியில்தான் கை ஊன்றி நின்றேன்.

விருதுக்கான படிவத்தில் ஒரு கட்டம்:
சேவை வழங்க எடுத்த காலம், மிகக் கூடியது.
"பதினாலு நாள் எண்டு போடுங்க" என்றார் பிரதம இலிகிதர்.
"எல்லாக் கந்தோரும் அதத்தான் போடுது."

பேனை அதன் மஞ்சள் வீட்டில் இருந்தது.
எடுத்தேன்.
ஒன்பது வருடம், நாலு மாதம்.
அவர் அழிக்கச் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மதிப்பீட்டுக் குழு வந்த காலை
வெற்றிலைத் தட்டு, குத்துவிளக்கு,
கடன் வாங்கிய பூச்சாடிகள் பன்னிரண்டு.
அலுமாரியின் அடியில் இப்போது
மேன்மை மாதிரிக் கைந்நூல், இரண்டாம் பதிப்பு.
நல்ல தடித்த மட்டை.
ஆனாலும் காற்றாடி போட்டால்
கதவு மெல்ல அதிர்ந்தது.

கொழும்பு அம்மணி அந்தக் கட்டத்தில் விரலை வைத்துச்
சிங்களத்தில் கேட்டார்:
எழுத்துப் பிழையா?

"நெஹெ, மேடம்."

பேனையை மூடினார். திறந்தார்.
இடக்கையால் மறைத்தபடி
எதையோ எழுதினார். நீளமாய்.

வெளியே
வேப்பமரத்தில் சைக்கிள் சாயும் சத்தம்.
அன்று செவ்வாய் என்பதை
எல்லாரும் மறந்திருந்தோம்.

இரிக்கு ஐயா, பைல் இரிக்கு என்று
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
அடுத்து அவர் கேட்கப்போவது
காசை.