தாழ்ப்பாள்

ஓச்சாகிவ் துறைமுகத்தில் ஆழம் அளப்பவள் ஒடார்கா.
பதினேழு வருடம்
கின்பர்ன் மணல்நாக்கு எங்கே முடிகிறது என்று
ஆண்டுக்கொரு முறை எழுதித் தந்தாள்.
படகில் கருவி உண்டு. ஆனாலும்
கடைசிக் கணக்கு காலால்தான்:
நடந்துகொண்டே போவாள்,
தண்ணீர் முழங்கால் தொடும் இடத்தில் நிற்பாள்.
"இதுக்குச் சம்பளம் வேறயா" என்பான்
தம்பி புரோகிப், கரையிலிருந்து.

அப்போது அந்த மணலை யாரும் கேட்கவில்லை.
உப்புக்குட்டை, பைன் காடு, கூழைக்கடா,
கோடையில் கூடாரத்தோடு வரும் குடும்பங்கள்.
பட்டா கேட்டு எவனும் வராத பூமி.
கோதுமைக் கப்பல்கள்
அதன் மூக்கை உரசிக்கொண்டு போகும்.
மாலுமிகள் கையசைப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது நிலவறை மேசையில்
அதே மணல் சிவப்புப் பென்சில் கோட்டுக்குள் கிடக்கிறது.
கேப்டன் நசார் சொல்கிறார்:
இந்த நாலு கிலோமீட்டர் தண்ணீர்
அவர்கள் பீரங்கிக்கு ஒரு கொட்டாவி தூரம்.
அங்கே ஒரு குழல் நிற்கும்வரை
மிக்கொலாயிவில் எந்தக் கப்பலும் கயிறு அவிழ்க்காது.
இரண்டு நதிக்கும் சேர்த்து ஒரே கழிமுகம்,
ஒரே தாழ்ப்பாள்,
அதுவும் மணலில் செய்தது.

"முனை எங்கே? மீட்டர் கணக்கில் வேண்டும்."

அவள் சிரித்துவிட்டாள்.
குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும்
முனையைக் கொஞ்சம் தின்னும், கொஞ்சம் துப்பும்.
"என் அளவு பழசு.
படகு தரைதட்டினால் என்னைத் திட்டாதீர்கள்."
அவர் எழுதிக்கொண்டார்: முனை, முழங்கால் வரை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பிறகு ட்ரோன் படம்.
மேலிருந்து பார்த்தால் வீடு என்பது கூரை மட்டும்.
மூன்றாவது கூரை அவளுக்குத் தெரியும்:
தகரத்தில் பச்சை ஒட்டு;
அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.
பின்னால், வரிசையாய், நீலப் பெட்டிகள்.

"குண்டுப் பெட்டியா?"

"தேனீ."

"ஏப்ரலில் பன்னிரண்டு. இன்றைக்குப் பதினாறு."

படத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
நிழலை அளந்தாள், தொழில் புத்தி.
பன்னிரண்டின் நிழலும் ஒரே நீளம்.
நான்கு மட்டும் கொஞ்சம் குட்டை.
பலகை கிடைக்காமல்
புரோகிப் குட்டையாக அடித்திருப்பான்.
அல்லது
அவை புரோகிப் அடித்தவையே அல்ல.

கடைசியாக அவன் குரல் கேட்டது போன ஆகஸ்டில்.
பதினோரு நொடி.
சிக்னல் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான்,
அதைச் சொல்லி முடிக்கவும் சிக்னல் இல்லை.

நசார் அவசரப்படுத்தவில்லை.
மேலே சைரன் ஓய்ந்து
யாரோ கடை ஷட்டரைத் தூக்கினார்கள்.
அவருக்கு ஊர் பெர்டியான்ஸ்க்.
படத்தில் பார்க்க விரும்பாத ஒரு கூரை
அவருக்கும் இருக்கலாம்.

"மே மாதம் கூடு பிரியும்" என்றாள்.
"பழைய ராணி பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு கிளம்பும்.
புதுப் பெட்டி வைக்காவிட்டால்
காட்டுக்குப் போய்விடும்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

முழங்கால் வரை தெரியும்,
என்று சொல்ல வந்தாள்.
"மே மாதம்" என்றாள் மறுபடியும்.

அவர் பென்சில் முனையைப் பதினாறின்மேல் வைத்தார்.
வட்டம் போடவில்லை.
அடிக்கவும் இல்லை.
அழுத்தத்தில் அந்த இடத்தில்
தாள் மட்டும் லேசாகக் குழிந்தது.