முரண் விகிதம்

ஆக்தெரெக் மலைச்சரிவில் ஏழு இடங்கள்.
மூடிய ஆலையின் பாதரசச் சேறு
பீப்பாய் பீப்பாயாக
இவற்றில் ஒன்றுக்குப் போயாக வேண்டும்.

முதல் முறை இரண்டிரண்டாகக் கேட்கும்.
கண் மருத்துவர் வில்லை மாற்றி மாற்றி
இதுவா, அதுவா என்பாரே, அப்படி.
நீரா? காற்றா?
எது பெரிது, எத்தனை மடங்கு?
(ஒன்பதுக்கு மேல் பயப்பட அனுமதி இல்லை.)
விடை: ஏழாம் இடம்.

இரண்டாம் முறை
எங்கும் இல்லாத ஓர் இடத்தைக் கட்டும்,
குறையே இல்லாதது.
எதிரே இன்னொன்று, குறை மட்டுமே உள்ளது.
அதற்கு எவ்வளவு கிட்டே,
இதற்கு எவ்வளவு எட்டே என்று
நூல் பிடித்து அளக்கும்.
விடை: நான்காம் இடம்.

பெகிமாய் இரண்டு வரைபடங்களையும்
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்,
ஒன்றன்மேல் ஒன்றாக.
பச்சைமேல் சிவப்பு விழுந்தது.
பின்னால் பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகை.
நீருக்கு இரண்டு சதவீதம் கூட்டினேன்,
ஏழு கீழிறங்கியது.
கழித்தேன், ஏறிக்கொண்டது.
இரவு பதினொன்றுவரை
ஒரு மலையை இப்படி
ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம்.

நிரப்பி வந்தவை பத்தொன்பது படிவங்கள்.
பதினான்காவது, ஜிபார்குல்,
பம்ப் நிலைய ஊழியர்.
காற்றைவிட நீர் பெரிது என்கிறார்.
பாதையைவிடக் காற்று பெரிது.
நீரைவிடப் பாதை பெரிது.
தன் வாலைத் தானே துரத்தும் கணக்கு.
முரண் விகிதம் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று;
பூஜ்யம் புள்ளி ஒன்றைத் தாண்டினால் தள்ளிவிடலாம்,
விதி இருக்கிறது.

தள்ளுமுன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று
பெகிமாய்தான் போன் போட்டாள்.
மோட்டார் இரைச்சலுக்கு மேலே
அந்தக் குரல் கத்தியது:

"பனி உருகும்போது நீர்.
மேய்ச்சலுக்கு மேலே போன மாதங்களில் காற்று,
கூடாரத்துக்குக் கதவா இருக்கிறது?
ஜனவரியில் பாதை.
போன வருஷம் ஆம்புலன்ஸ்
கணவாயிலேயே நின்றுவிட்டது.
நீங்கள் எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்று
படிவத்தில் இல்லையே."

இல்லைதான்.
நிரலில் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு,
மாதங்களுக்கு அல்ல.

மறுநாள் அமைச்சகத்துக்கு அறிக்கை போனது.
பதினெட்டு படிவங்கள், இரண்டு முறைகள்,
சராசரியில் நான்காம் இடம்.
ஒப்பந்தப் புள்ளியைப் புரட்டினேன்.
லாரிகள் எத்தனை, இருந்தது.
பீப்பாயின் தடிமன், இருந்தது.
எந்த மாதம் என்பது மட்டும்

பெகிமாய் மறுபடியும்
அதே எண்ணை அழுத்துகிறாள்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
மோட்டார் ஓடுகிறது போலும்.