சமைக்காத அரிசி

நாங்கள் வாயைப் பற்றிக் கதைக்கத்தான் போனோம்.
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடி,
ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைகிற அறை.
வாய் மூடாத பிள்ளை,
எச்சில் வடிந்து நெஞ்சுச் சட்டை காயாத பிள்ளை,
மூன்று வயதாகியும்
வாழைப்பழத்தை நாக்கால் வெளியே தள்ளுகிற பிள்ளை
என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன்,
ஜெர்மனில், பிழைகளோடு.

பிராவ் ஷ்வாப் வாயைப் பார்க்கவில்லை.
யதுசனின் காலைப் பார்த்தாள்.
கதிரையிலிருந்து தொங்கின இரண்டும்,
டிராமில் யாரோ மறந்துவிட்ட கையுறைகள் மாதிரி.
முதுகு கூனி, தோள் காதுவரை ஏறி,
கழுத்து முன்னுக்கு நீண்டிருந்தான்.
'தலை விழாமல் பிடித்திருக்கிறதே
இந்தத் தாடைக்குப் பெரிய வேலை' என்றாள்.
'மெல்லுவதற்கு அது எங்கே போகும்?'

பல்வலிக்காரனுக்கு முழங்காலில் மருந்தா?
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
ஆனால் நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரி.
எங்கள் மேசை நெஞ்சுயரம்.
முழங்கை இரண்டும் பலகையில் படியாவிட்டால்
இடுக்கி நுனி நடுங்கும்,
எள்ளிலும் சின்னத் திருகாணி
துள்ளித் தரையில் தொலையும்.
முதல் கிழமை பதினொன்று தொலைத்தேன்.
மேற்பார்வைக்காரர் என் விரலைத் திட்டவில்லை,
கதிரையை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டுப் போனார்.

அது நினைவு வந்த பிறகு நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

கால்பலகை வைத்த கதிரை முந்நூறு பிராங்க்.
எங்களிடம் ஐந்து கிலோ சம்பா இருந்தது,
தைத்த வாய் பிரிக்காமல்.
அதை ஒரு பெட்டிமேல் கிடத்தினோம்.
துவாயைச் சுருட்டி
அவன் இடுப்புக்குப் பின்னால் செருகினார் ரூபன்.
பாதம் பட்டதும் பத்து விரலும்
சாக்குக்குள் எதையோ தேடத் தொடங்கின.
சரசர.
தோள் இறங்கியது. கழுத்து எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

சாப்பாட்டுக்கு முன் ஊஞ்சல்.
மேசைக்கடியில் நண்டு மாதிரி தவழ்தல்,
நானும் கூடத்தான், வேலைச் சட்டையோடு.
உள்ளங்கையால் முதுகை அழுத்தித் தேய்த்தல்.
அவன் கழுத்துப்பட்டியை மென்று மென்று கிழித்ததற்கு
நான் அடித்திருக்கிறேன், இரண்டு தரம்.
வாய் தான் இருக்கிற இடத்தைத்
தேடிக்கொண்டிருந்ததாம்.
அன்றிரவு கிழிந்த சட்டைகளை எறியாமல் மடித்து வைத்தேன்,
ஏனென்று தெரியாது.

உயிரெழுத்துகள் அவனிடம் இருந்தன.
ஆ. ஈ.
ஊஞ்சல் உயரப் போனால் ஒரு நீண்ட ஓ.
மெய் ஒன்றும் இல்லை.
உதடு ஒட்டாமல் ப் ஏது, ம் ஏது?
அதற்கு மெய் என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று
முப்பத்தாறு வயதுவரை நான் யோசித்ததில்லை.
மெய் என்றால் உடம்பு.
கால், இடுப்பு, முதுகு, கழுத்து,
அதற்குப் பிறகுதான் உதடு.

கார்த்திகை மாதம். ஏரிப் பக்கமிருந்து புகார்,
எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை.
பாண் கரை ஒரு துண்டு அவன் கடைவாயில்.
கொப்பைத் தொலைத்த காகத்தின் கதையை
வாயில் வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.
'காகம் கீழே பார்த்ததாம், ஒன்றும் தெரியவில்லையாம்'
அடுத்தது என்னவென்று எனக்கே தெரியாமல் நிறுத்தினேன்.
மேசைக்குக் கீழே
சரசர.
மேலே
'ம்.'

ம் கொட்டினான் என் பிள்ளை.
ரூபன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.
'பிறகு காகம்...' என்றேன், தொண்டை அடைக்க.
இரண்டாவது ம் வரவில்லை.
பாண் நழுவி விழுந்தது, எச்சிலும் கூடவே.
துடைத்தேன்.

மாசம் மூன்று போய்விட்டது.
சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.
கடையில் சம்பா விலை ஏறியிருக்கிறது,
போன சனிக்கிழமை வீட்டில் பிடி அரிசியும் இல்லை.
நூடில்ஸ் அவித்தோம்.
அந்த மூட்டையில் யாரும் கை வைக்கவில்லை.