அரை நொடி முன்னால்

உருஷிபாராவின் சிரிப்பு
எனக்கு அரை நொடி முன்னால் வரும்.
அவர் வீட்டுக்குக் கூரை ஆண்டெனா,
என் வீட்டுக்குக் கேபிள்.
ஒரே சேனல், ஒரே நகைச்சுவை,
நடுவில் நான்கு அங்குலச் சுவர்.
என் திரையில் ஆள் வாயைத் திறப்பதற்குள்
அந்தப் பக்கம் "ஹா" கேட்டுவிடும்.
சரி, சிரிக்க வேண்டிய இடம் போல என்று
சோற்றை விழுங்கிவிட்டுத் தயாராவேன்.

ஹச்சினோஹே துறைமுகத்தில் எனக்கு
கானாங்கெளுத்தியைப் பெட்டியில் அடைக்கிற வேலை.
காலையில் இங்கே யாரும் டிவி பார்ப்பதில்லை,
அதன் மூலையில் ஓடும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறோம்.
7:41க்குப் பல் துலக்கல்.
7:48க்கு ராசிபலன்:
பன்னிரண்டில் கடைசி இடம் கன்னி,
பரிகாரம் பச்சைக் கைக்குட்டை.
என்னிடம் இருப்பது நீலம்.
7:52க்கு நான் பூட்டும்போது
பக்கத்துக் கதவும் பூட்டிக்கொள்ளும்.
இருவரும் தலை குனிவோம்.
அவர் கழுத்தில் பச்சைத் துண்டு.
அவரும் கன்னி என்று
அப்படித்தான் தெரிந்தது.

இரவில் எந்தச் சேனலிலும் யாராவது எதையாவது தின்கிறார்கள்.
திரையோரச் சின்னக் கட்டத்தில் ஒரு முகம்
நமக்குப் பதிலாக வியந்துகொண்டே இருக்கும்.
சொன்ன சொல்லையே மஞ்சள் எழுத்தில்
பெரிதாக எழுதிக் காட்டுவார்கள்,
நமக்குக் காது இருப்பதை நம்பாதவர்கள் போல.
பாதி விலைச் சீட்டு ஒட்டிய டப்பாச் சோற்றைத் தின்றபடி
நான் அவர்களுடைய நண்டைப் பார்ப்பேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
முதலில் தேநீர் நடுங்கியது.
பிறகு சுவருக்கு அப்பால் எச்சரிக்கை மணி,
பிறகு என் டிவியில் அதே மணி.
திரையின் தலையில் வெள்ளை எழுத்து:
அவோமோரி கிழக்கு, அதிர்வு நான்கு,
கடல் பொங்கும் அபாயம் இல்லை.
எழுத்துக்குக் கீழே அந்த ஆள்
நண்டை உடைத்துக்கொண்டுதான் இருந்தான்.
சுவரில் இரண்டு தட்டு கேட்டது.
நானும் இரண்டு தட்டினேன்.
மறுநாள் குப்பை போடுகிற இடத்தில்
அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மே மாதம் பதினொரு நாள்
பக்கத்தில் சத்தமே இல்லை.
தனியாகச் சிரித்துப் பார்த்தேன்.
எங்கே சிரிப்பது என்று பிடிபடவில்லை.
உண்மையில் அது
அப்படியொன்றும் சிரிப்பு வருகிற நிகழ்ச்சியும் இல்லை.
கட்டண வசூல்காரர் வந்து
பக்கத்து வீட்டில் டிவி உண்டா என்றார்.
தெரியாது என்றேன்,
மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நான்.

முழங்கால் அறுவை முடிந்து அவர் திரும்பியபோது
தட்டையான பெரிய அட்டைப்பெட்டி ஒன்றும்
கூடவே படியேறியது.
மகள் வாங்கித் தந்ததாம், இணையத்தில் ஓடுவதாம்.
அரிசி பிஸ்கெட் பொட்டலம் ஒன்றை நீட்டி,
"சத்தம் தொந்தரவாக இருந்தால்
சொல்லிவிடுங்கள், ஹிராகுச்சி-சான்" என்றார்.
ஐயோ, இல்லவே இல்லை என்றேன்.
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு நான் சிரித்து
மூன்று நொடி கழித்து
அவர் சிரித்தார்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
இனி முன்னால் இருப்பது நானா?
கண்ட இடத்தில் சிரித்துவைக்க முடியாதே.

ஆகஸ்டில் பள்ளிப் பையன்களின் பேஸ்பால்.
எங்கள் மாகாணத்துப் பள்ளி,
ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கி,
இரண்டு பேர் அவுட், முதல் தளத்தில் ஒருவன்.
மட்டையில் பட்ட பந்து
வெயிலுக்குள் போய்க் காணாமல் போயிற்று.
கை தானாக உயர்ந்தது.
அதை அப்படியே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டேன்.
சுவருக்கு அப்பால்
பந்து வீசுகிறவன் இன்னும்
தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பான்.
ஒன்று.
இரண்டு.