போகும்போது இருபத்து மூன்று

காலை ஏழு இருபது.
ஹெதர் கோர்ட் மாடிப்படிக்குக் கீழே
பச்சை மேல்சட்டைகளை மாட்டிக்கொள்கிறோம்.
முதுகில் நகராட்சியின் பெயர் பாதி உரிந்துவிட்டது.
ரொலீன் முன்னால். கதீஜா நடுவில், விசிலோடு.
நான் கடைசி.
ஒரு ஊதல் என்றால் நட.
இரண்டு ஊதல் என்றால் படு.
கூட்டலுக்கு முன்பே
பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வந்துவிடும்.

இருபத்து மூன்று பேர்.
தஸ்னீமின் ஒரு காலுறை எப்போதும் இறங்கியிருக்கும்.
மதியச் சாப்பாட்டுக்கான ரொட்டியை
ஜேடன் பாதி வழியிலேயே தின்று முடிப்பான்.
தென்கிழக்குக் காற்று மணலை வாரி
எல்லார் வாயிலும் கொஞ்சம் போடும்.
தூரத்தில் கேப் டவுனின் மலை.
அஞ்சலட்டையில் வருவது அதன் முகம்.
எங்களுக்குத் தெரிவது முதுகு.

மைதானத்தின் இந்தப் பாதி ஒரு கும்பலுக்கு,
அந்தப் பாதி இன்னொன்றுக்கு.
பள்ளிக்கூடம் அந்தப் பாதியில்.

வேலியோரம் சாட்வின் நிற்கிறான்.
நாலு வருஷம் முன்பு
என் இடது கையைப் பிடித்துக்கொண்டு
இதே வரிசையில் வந்தவன்.
உள்ளங்கை சதா வியர்த்திருக்கும்.
அந்தக் கை இப்போது சட்டைக்குள் இருக்கிறது.
"முடிஞ்சுதா ஆன்ட்டி?"
"இன்னும் மூணு பேர்."
காத்திருக்கிறான்.
எதிர்ச்சுவரில் சாய்ந்திருப்பவனும் காத்திருக்கிறான்.
ஏழு நிமிடம்.

சும்மா கிடைத்ததல்ல அந்த ஏழு.
போன பிப்ரவரியில்
ஒரு புத்தகப்பையைத் துளைத்துக்கொண்டு போனது ஒன்று.
கணக்குப் புத்தகம் தடுத்துவிட்டதாகப் பேச்சு.
தடுக்கவில்லை. தூக்கியது நான்தானே.
போலீஸ் துணை இல்லாமல் இங்கே வரமாட்டோம் என்று
ஆம்புலன்ஸ் ஐம்பது நிமிடம்
ஸ்டேஷன் வாசலில் நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள்
ஒன்பது பெண்கள்
இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போனோம்.
சமாதானம் பேசவில்லை. சாபம் விடவில்லை.
எத்தனை மணிக்குக் கடப்போம் என்று மட்டும் சொன்னோம்.
அவர்கள் தந்த டீயை ரொலீன் தொடவில்லை.
நான் குடித்தேன்.
சர்க்கரை சரியாக இருந்தது.

காரணம் கேட்டு
பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.
எனக்கு மூன்று வயதில் லாரி வந்தது என்றேன்.
கடல் வாசம் அடித்த தெரு.
வெள்ளையருக்கு வேண்டும் என்றார்கள்;
எங்களை இந்த மணலில் கொண்டுவந்து கொட்டினார்கள்.
எழுதிக்கொண்டாள்.
இருபது வருஷம் நான் காலர் தைத்த ஆலை
ஒரு வெள்ளிக்கிழமை மூடிக்கொண்டது.
அதையும் எழுதிக்கொண்டாள்.
சாட்வினுக்கு முதல் நல்ல ஷூ
வாங்கித் தந்தது யார் தெரியுமா என்றேன்.
அப்பனில்லை, அரசில்லை.
மூன்றாம் மாடிக்காரன்.
கால் உள்ளே போனது, கடன் மேலே ஏறியது.
அவள் பேனா நின்றது.
இன்னொன்றை அவளிடம் சொல்லவில்லை:
படியில் அந்த ஷூவைப் பார்த்து
"நல்லா இருக்கேடா" என்றவள் நான்.

எட்டு மணி. பள்ளி கேட் சாத்துகிறார்கள்.
இருபத்து மூன்றும் உள்ளே.
இருமுறை எண்ணியாயிற்று.

இனி நாங்கள் மூவர் திரும்ப வேண்டும்.
அதே மைதானம், அதே வேலி.
பிள்ளைகளுக்காகக் கேட்டபோது
எங்களுக்காகவும் கேட்கத் தோன்றவில்லை.
திரும்பும் வழி பேச்சில் இல்லை.

கதீஜா விசிலை
வாயிலிருந்து எடுக்காமலே நடக்கிறாள்.
ரொலீனின் செருப்பு அறுந்திருக்கிறது, குனியவில்லை.
சாட்வின் போனில் மணி பார்க்கிறான்.

ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே
சின்ன ஆட்கள் நிற்குமளவு
இடம் விட்டே வருகிறோம்.
என் இடது கை
பழக்கத்தில்
கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது.