எட்டாவது வாளி

கேசிகனுக்கு ஒரு வயது முடிந்த காலை
கேக் சொல்லியிருந்த கடை திறக்கவில்லை.
இவர் ஓட்டோவை வெளியே எடுத்து
"ஏறு, எங்கையாவது போவம்" என்றார்.
அனுராதபுரச் சந்தி தாண்டியதும்
வண்டி கன்னியாப் பக்கம் போனது.
எங்கள் வீட்டு வழக்கம் தொடங்கிய கதை
இவ்வளவுதான்.

ஏழு கிணறு, ஏழு சூடு.
ஒன்றில் மட்டும் ஒரு கை அள்ளி
ஊதி ஊதி ஆறவைத்து
உச்சியில் வைத்தேன்.
அழுதான். பிறகு என் விரலைச் சப்பினான்.
இரண்டு வயதுக்கு இரண்டு கிணறு.
மூன்றுக்கு மூன்று; மூன்றாவது கொஞ்சம் கொதி.
"குட்டிப் பிசாசு" என்று அதற்குப் பெயர் வைத்தான்.
இன்றுவரை அதுதான் அதன் பெயர்.

"அந்தியேட்டிக்குப் போற இடமடி,
பிறந்தநாளுக்கு ஆரும்
பிள்ளையை அங்க கூட்டிக்கொண்டு போவினமோ?"
மதிலுக்கு மேலால் கேட்டார் திலகேஸ்வரி அக்கா.
அவர் சொன்னது பிழையில்லை.
அப்பாவின் முப்பத்தோராம் நாள்
நானும் அங்கேதான் நின்றேன், பத்தொன்பது வயது.
எது சுட்டது, எது சுடவில்லை
ஒன்றும் தெரியவில்லை அன்றைக்கு.
தலையில் தண்ணீர் விழுந்த சத்தம் மட்டும்
இருக்கிறது.
இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லவில்லை.
கேசரி கொடுத்தேன்.
முந்திரிகை வத்தல் கூடிப்போச்சு என்றார்.

ஊரடங்கு வருடம் அவனுக்கு நான்கு.
வீதியில் நாய்கூட இல்லை.
சோற்றுப் பானை, பால் சட்டி,
மீன் கழுவும் பேசின், என் பூச்சாடி ஒன்று:
நான்கு சூட்டில் தண்ணீர் நிரப்பி
முற்றத்தில் வரிசையாக வைத்தோம்.
வாசலில் நின்றபடி "டிக்கெட் எங்க?" என்றான்.
இவர் பழைய கரண்ட் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

பிள்ளைகள்தான் சட்டம் போடுகிறார்கள்.
ஒருமுறை நாங்கள் செய்தால் அது தற்செயல்,
அடுத்தமுறை மறந்தால் குற்றம்.
நீல வாளிதான் வேண்டும்.
துவாயை மதுஷாதான் பிடிக்க வேண்டும்.
வரும் வழியில் பாலையூற்றில் உளுந்து வடை,
வீட்டுக்கு வர முன்னம் முடிக்க வேண்டும்.
ஆறாம் வருடம் சிவப்பு வாளி கொண்டுபோனேன்;
கிணற்றடியில் காலை அகட்டி நின்றுகொண்டு
தலையைக் குனியமாட்டேன் என்றான்.

நாளைக்கு ஏழு.
கைபிடிக்குக் கம்பி கட்டிய நீல வாளி
வாசலில் இருக்கிறது.
விளக்கை அணைத்த பிறகு கேட்டான்:
"அப்ப எட்டுக்கு என்ன செய்யிறது?"

இருட்டில் இவரும் நானும்
ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி கிடந்தோம்.
ஏழுக்கு அப்பால் யோசித்ததில்லை.
உண்மையில் ஒன்றுக்கு அப்பாலே யோசித்ததில்லை.
"திரும்ப ஒண்டில இருந்து தொடங்குவம்" என்றார் இவர்.
"நான் என்ன பேபியே?"
"சைக்கிள்?"
அதற்குப் பதிலே இல்லை.

நித்திரை என்று நாங்கள் நினைத்த மதுஷா
போர்வைக்குள் இருந்து சொன்னாள்:
"எட்டாவது ஓட்டோக்கு.
அது ஒவ்வொரு வருசமும் வருது,
ஒருக்காலும் குளிக்கேல்லை."

இவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.
கேசிகன் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக,
"சுடுதண்ணி ஊத்தினா பெயின்ற் போகுமோ அப்பா?"
"போகாது."
"அப்ப சரி."

மூன்று பேரும் உறங்கிவிட்டார்கள்.
கிணற்றடியில் இருந்து
ஓட்டோ நிறுத்தும் இடம் வரைக்கும்
நிரம்பிய வாளியை
யார் தூக்குவது என்று
நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.