திட்டுப் பதிவேடு

முக்கூடல் கிளை நூலகத்தில்
ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்கிறது.
பிளஸ் ஒன் பையன்கள் வருவது அதற்குத்தான்.
எனக்குத் தெரியும்; தடுக்கவில்லை.
சார்ஜர் வயரின் நீளம்
பயண நூல் அலமாரிவரை எட்டும்.

ஜூன் மாதம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி
அட்டையில் எழுதினேன்: திட்டுப் பதிவேடு.
செல்லை மாட்டணுமா,
ஏதாவது ஒரு புத்தகம், ஐந்து பக்கம் படித்து
ஒரு வரி திட்டு.
எந்தப் பக்கம், என்ன குத்தம், சொல்லித் திட்டணும்.
"பாராட்டுனா?" என்றான் இசக்கிதுரை.
பாராட்டுனா சார்ஜ் கிடையாதுல.

முதல் வாரம் வந்தவை:

பக்கம் 3. மழைக்கே இவ்வளவு இழுப்பா?
எங்க ஊர்ல இதுக்குள்ள வெயில் வந்துரும்.

பக்கம் 5. ஹீரோ இன்னும் சாப்பிடல.

முன்னுரை எழுதுன ஆளு
இந்தப் புக்கைப் படிக்கவே இல்ல.

பக்கம் 12ல செத்தவன்
20ல டீ குடிக்கான்.

கடைசியாக இருந்தது இசக்கிதுரை கையெழுத்து.
ஐந்து பக்கம் போதும் என்றுதானே சொன்னேன்,
இருபதுக்கு எப்படிப் போனான்?
கேட்கவில்லை.
கேட்டால் நிறுத்திவிடுவான்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி நோட்டைப் புரட்டினார்.
என்னம்மா இது?
வாசகர் கருத்து, சார்.
புது உறுப்பினர் எத்தனை?
ஒன்பது.
இலக்கு?
நூறு.
கிளம்பும்போது தன் செல்லை நீட்டி
கொஞ்ச நேரம் போட்டுக்கலாமா என்றார்.
பையன்கள் பேசாமல் நோட்டை
அவர் பக்கம் நகர்த்தினார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
பேனா இருக்கா, என்றார்.

ஜெபஸ்லினுக்குச் செல் கிடையாது.
சனிக்கிழமை கம்பெனியில் அம்மாவின் பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு
காலி வயர்கூடையோடு வருவாள்.
தடித்த நாவலாகப் பார்த்து எடுப்பாள்.
திரும்பி வரும்போது பக்கத்துக்குப் பக்கம் புகையிலைத் தூள்.
சுளகு விளிம்பில் விரித்து வைத்துக்கொள்வாள் போல.
கை சுற்றும், கண் படிக்கும்,
பக்கத்தை எதால் திருப்புவாளோ,
முழங்கையோ, தம்பியோ.
நான் தட்டித் துடைப்பதில்லை.
தூள் எதுவரை, அவள் அதுவரை.
கடைசி அட்டைவரை போகாமல் அவள் விட்டது
இதுவரை ஒன்றுமில்லை.

இந்தத் தடவை நூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தது.
தும்மிக்கொண்டே இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டுதான்.

"நானும் திட்டணும்க்கா" என்றாள்.
உனக்குத்தான் செல்லே இல்லையே.
"இருந்துட்டுப் போகுது."

பக்கம் 112. அவளைப் பொண்ணு பாக்க வாராங்க.
பலகாரம் என்னன்னு எழுதியிருக்கு.
மாப்பிள்ளை சட்டைக் கலர் எழுதியிருக்கு.
அவ என்ன நினைக்கான்னு ஒரு வரி இல்ல.

பேனாவை மூடாமல் கேட்டாள்:
"அதுக்கு அங்கிட்டாவது அவ பேசுவாளாக்கா?"

நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம் இங்கே.
பட்டியல் எண் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.
"தெரியலயே" என்றேன்.
"நான் அதைப் படிச்சதில்ல."

பிளக் அருகே நாலு தலை நிமிர்ந்தது.
படிச்சதில்லையா?
"ஏ யக்கா" என்றான் இசக்கிதுரை,
"நீங்கதானே எங்கள..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நோட்டை என் பக்கம் தள்ளினான்.

ஏழு மணிக்குப் பூட்டு.
பாப்பாக்குடி போகும் பஸ்ஸில் கம்பியோரம் நிற்கிறேன்.
நாளெல்லாம் அந்த ஒரு பிளக்கும் அவர்களுக்கே;
என் செல்லில் இரண்டு சதவீதம்.
வீட்டுக்குச் சொல்லணும், தாமதமாகும் என்று.
நாவல் கையில் விரிந்திருக்கிறது.
நூற்றுப் பதின்மூன்று.
தூள் இல்லை.
வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.